ஒரு அட்டையில் ஒன்பது சொற்கள்

பாய், உன் அரிசிக்கடையை நேற்று காலி செய்தார்கள். உன் மகன் வெறும் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தான். சணலும் தவிடும் கலந்த அந்த வாசனை தெருவைத் தாண்டி என் ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் வந்தது. இத்தனை வருஷமாக உன் சட்டையில் இருந்த வாசனை அது. சவாரி கேட்டு வந்த அம்மாவிடம் வண்டி ரிப்பேர் என்று பொய் சொல்லிவிட்டு, எழுந்து உன் கடைக்குள் போனேன்.

மயிலாப்பூரில் ஆட்டோ நைனா என்றால் தெரியாதவர்கள் குறைவு என்பது உனக்குத் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு நின்றதற்குப் படிப்பு ஏறாதது காரணமில்லை, அந்தப் பள்ளிக்கூடம் எனக்குப் பத்தவில்லை. செங்கல்பட்டில் நாலு மாட்டை ஒரே ஏரில் பூட்டி உழுதிருக்கிறேன் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ மூட்டையில் சாய்ந்துகொண்டு சிரிப்பாய்.

"நாலு மாடா? போன வாரம் ரெண்டுதானே இருந்துச்சு நைனா?"

"கன்னு போட்டிருக்கும் பாய்."

"உன் வாய்ல தெரியாதுன்னு ஒரு வார்த்தையே வராதா?"

வயலை நான் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நீ அதுவும் இல்லை. ஆயுள் முழுக்க அரிசி விற்றாய், நாற்று என்ன உயரம் இருக்கும் என்று என்னிடம் கேட்டாய். இடுப்பு வரை என்றேன்.

நாலு வருஷத்துக்கு முன் தெருப் பொங்கல் விழாவில் அரிசிக்கடைக்காரர் என்று உன்னை ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். வீட்டில் உருது பேசி, கடைக்கு வந்த பிறகு தமிழ் எழுதப் படித்தவன் நீ. சாக்கில் குத்தி வைக்கும் 'பொன்னி' அட்டையை எடுத்துத் திருப்பி, பேனாவை நீட்டினாய்.

"விவசாயத்துக்கு இன்னா இன்னா பேரு கீது? சொல்லு நைனா, எழுதிக்கிறேன். எல்லாத்தையும் அடுக்கினா அசந்துடுவாங்க."

உழவு, வேளாண்மை, வெள்ளாமை, சாகுபடி, பண்ணையம் என்று அடுக்கினேன். யாழ்ப்பாணத்துச் சவாரி ஒருவர் சொன்ன கமம் என்பதையும் சேர்த்தேன். ஆறோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. நீ பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வைக்கு முன்னால் தீர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதிராட்சி என்றேன். சேற்றியல், நாற்றாண்மை. ராஜாக்கள் காலத்துச் சொல் என்றும் ஒரு போடு போட்டேன்.

மறுநாள் காலை உன்னை நூலகத்துக்கு என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். என்ன வேலை என்று கேட்டதற்கு, சும்மா என்றாய்.

சாயங்காலம் மேடையில் நன்றாகத்தான் பேசினாய். வேளாண்மைக்கு உதவி, கொடை என்றும் பொருள் உண்டு என்று சொன்னபோது கை தட்டினார்கள். அது நான் சொல்லித் தந்ததில்லை. எங்கிருந்து பிடித்தாய் என்று யோசித்தேன். அதற்குள் கடைசி மூன்றையும் படித்துவிட்டாய். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுந்தார்.

"பாய், அந்த மூணும் எந்த அகராதியில இருக்கு? நான் கேட்டதே இல்லையே."

"மூட்டையில இருந்து எடுத்திருப்பாரு சார்" என்றான் எவனோ. தெருவே சிரித்தது. நீ மூன்றாவது வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாய். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன் பாய். எழுந்து, நான்தான் சொன்னேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். உட்கார்ந்தே இருந்தேன்.

"நானே கட்டினதுங்க. மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி நீ கீழே இறங்கினாய்.

அதற்குப் பிறகும் தினம் டீ குடித்தோம். அந்த நாளைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் எந்தச் சொல்லுக்கும் அர்த்தமும் கேட்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். போன மாதம் உன்னை அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது ஆயிரம் பேர் வந்தார்கள் என்று ஸ்டாண்டில் சொல்லியிருக்கிறேன். நாற்பது பேர் இருக்கும்.

நேற்று உன் மகன் அந்தப் பொன்னி அட்டையை நீட்டினான். "மாமா, இதுல உங்க பேரு கீது."

ஆறு சொற்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக். வேளாண்மைக்கு எதிரே 'உதவி, கொடை'. கடைசி மூன்றுக்கும் டிக் இல்லை. கீழே உன் கோணல் எழுத்து: 'அகராதியில் இல்லை. நைனா சொல்றான். இருக்கும்.'

நூலகத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடியிருக்கிறாய். அகராதியில் இல்லை என்று தெரிந்தும், நான் சொன்னதை நம்பி மேடை ஏறியிருக்கிறாய்.

"இந்த மூணும் நெசமா மாமா?" என்றான் பையன்.

"பொய்டா. நான் கட்டினது. உங்கப்பா கட்டல."

அவன் என்னையே பார்த்தான். பிறகு குனிந்து அடுத்த சாக்கை எடுத்து உதறினான்.

அட்டையை வண்டியில் கண்ணாடிக்கு மேலே செருகியிருக்கிறேன். இன்று காலை அடையாறு சவாரி ஒருவர் அதைப் படித்துவிட்டு, சேற்றியல் என்றால் என்ன என்று கேட்டார். அப்படி ஒரு சொல் இல்லை சார், நான் விட்ட கதை, மாட்டிக்கொண்டவன் வேறு ஒருவன் என்று ஆரம்பித்தேன். பாதியில் அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதியைக் காலி வண்டியில் உன்னிடமே சொல்லிக்கொண்டு பட்டினப்பாக்கம் வந்து சேர்ந்தேன்.