ஒட்டகச்சிவிங்கிக்கு வந்த தும்மல்

ஜனவரி 7

இன்னிக்கு ரெண்டு சாவு, ஒரு கடை திறப்பு. மூணுக்கும் நோட்டீஸ் எழுதிக் கொடுத்தாச்சு. சாவு நோட்டீஸுக்கு என்னை அடிச்சுக்க ஆளில்லைன்னு பிரஸ்காரர் சொல்றார். செத்தவங்கதான் இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலை. எட்டாங்கிளாஸோட நின்னவனுக்கு இது போதாதா? அவர் கூப்பிட்டா எழுதணும், கூப்பிடலைன்னா வீட்ல உக்காந்து பொண்டாட்டியை வம்புக்கு இழுக்கணும். இதான் என் உத்தியோகம்.

ஆனா பேத்திக்குச் சொன்ன கதை ஒண்ணு மண்டையை விட்டுப் போக மாட்டேங்குது. ஒட்டகச்சிவிங்கிக்குத் தும்மல் வருது. வயித்துல கிளம்புது. கழுத்து நீளமாச்சே, ஏறுது, ஏறுது, ஏறிக்கிட்டே இருக்கு. கழுத்துல உக்காந்திருக்கற குருவிங்க எல்லாம் கெட்டியாப் பிடிச்சுக்குதுங்க. இதைப் புத்தகமாப் போட்டா என்ன?

ஜனவரி 29

அனுப்பி வெச்ச பதிப்பகத்துல இருந்து பதில். படம் இல்லையாம், எழுத்து அதிகமாம். சரிதான். வரிக்கு இவ்வளவுன்னு வாங்கியே பழகின கை, நீட்டாம என்ன பண்ணும்? ஒட்டகச்சிவிங்கியைக் கூட ஒரு இடத்துல "அன்னார்"னு எழுதியிருக்கேன்.

ஜனவரி 30

மருமக கண்ணாடிக் கடையில வேலை பாக்கறா. சாயங்காலம் வந்து என் பழைய நோட்டீஸ் பின்பக்கம் எதையோ கிறுக்கிட்டு இருந்தா. கிட்டப் போனதும் மறைச்சா. பிடுங்கிட்டேன். கிழவனா இருக்கறதுல இது ஒரு சவுகரியம், யாரும் திருப்பி அடிக்க மாட்டாங்க.

ஒட்டகச்சிவிங்கி! கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, மூக்கு விடைச்சு... பாத்த எனக்கே மூக்கு அரிச்சுது.

"புத்தகத்துக்கு நீதாம்மா வரையணும்"னேன்.

"வேணாம் மாமா. ஒரு தடவை பத்திரிகைக்கு அனுப்பினேன். சின்னப் பிள்ளை வரைஞ்ச மாதிரி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

கெஞ்சினேன், கொஞ்சினேன். கடைசில ஒத்துக்கிட்டா, ஆனா ஒரு கண்டிஷன். அவ பேரு எங்கயும் வரக் கூடாது. தலையை ஆட்டிட்டேன். மனசுதான் ஆட மாட்டேங்குது. படம் அவளோடது, பேரு என்னோடது மட்டும்னா நான் என்ன திருடனா?

பிப்ரவரி 16

சண்டை. 'கண்களை மூடிக்கொண்டது'ன்னு நான் எழுதினா, "அதான் படத்துலயே தெரியுதே மாமா"ங்கறா. பக்கத்துக்குப் பக்கம் வெட்டறா. தும்மற பக்கத்துல நாலு வரி, தங்கமாட்டம் எழுதி வெச்சிருந்தேன். அதுவும் வேணாமாம்! நேத்து வந்தவ எனக்கு எழுதச் சொல்லித் தர்றா!

பேத்தியை மடியில வெச்சுப் படிச்சுக் காட்டினேன். நான் மொத வரியை முடிக்கல, அது பக்கத்தைத் திருப்பிடுச்சு.

வெட்டிட்டேன். இப்ப அந்தப் பக்கத்துல 'ஹச்ச்!' மட்டும்தான். நான் எழுதினதுலயே நல்ல வரி அதுதானாம். பொண்டாட்டி சொல்றா.

மார்ச் 2

பிரஸ்காரர்கிட்ட பேரம். ஒரு வருஷம் ஓசியில நோட்டீஸ் எழுதித் தரேன், நீங்க புத்தகத்தை அடிச்சுக் கொடுங்கன்னேன்.

"வருஷம் முடியறதுக்குள்ள நீங்க போய்ச் சேந்துட்டா, பெரியவரே?"

"என் நோட்டீஸையும் முன்னாடியே எழுதிக் கொடுத்துடறேன்யா."

சிரிச்சார். ஒத்துக்கிட்டார்.

மார்ச் 13

பிரஸ்ல புரூஃப் பாத்தேன். உள்ள எல்லாம் சுத்தம். பின் அட்டையில என் ஃபோட்டோன்னார். என் மூஞ்சியைத்தான் தினம் பாக்கறேனே, அதைப் பாக்காமலே அடிங்கன்னுட்டேன்.

மார்ச் 21

புத்தகம் வந்துச்சு. அய்யோ.

பழக்க தோஷம்! என் கையால வர்றதெல்லாம் சாவு நோட்டீஸ்தானேன்னு, என் ஃபோட்டோவைச் சுத்திக் கறுப்புக் கட்டம் போட்டுட்டார் மனுஷன். கீழ 'தோற்றம்'னு வருஷம். பக்கத்துல 'மறைவு'ன்னு போட்டு, காலியா விட்டிருக்கார். மரியாதை!

நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். பொண்டாட்டி சிரிக்கலை. "இதை என் கண் முன்னாடி வெக்காதீங்க"ன்னு சொல்லிட்டுச் சமையல்கட்டுக்குப் போயிட்டா. ரொம்ப நேரம் பாத்திரச் சத்தமே கேக்கலை. சொன்னா நம்ப மாட்டீங்க... யாரு நம்பணும்? நான்தானே எழுதறேன், நான்தானே படிக்கப் போறேன். எனக்கும் சிரிப்பு நின்னு போச்சு.

அத்தனை அட்டையையும் திரும்ப அடிக்க முடியாதுன்னுட்டார். குப்பைதானா? மருமக ராத்திரி பகலா வரைஞ்சது.

மார்ச் 22

காலையில எழுந்து பாத்தா மருமக மஞ்சள் பெயிண்டோட மேஜையில உக்காந்திருக்கா. கறுப்புக் கட்டத்து மேல மஞ்சள் பூசறா. முழுசாப் பூசலை, அங்கங்க கறுப்பைத் திட்டுத் திட்டா விட்டுட்டா. பாத்துக்கிட்டே இருக்கேன், கட்டம் ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தாயிடுச்சு! என்னைச் சுத்தி வளைஞ்சு வந்து, 'மறைவு' மேல தலையை வெச்சுத் தூங்குது. 'தோற்றம்' இருந்த இடத்துல ஒரு குருவி.

பொண்டாட்டி எட்டிப் பாத்தா. ஒரு பிரஷை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல உக்காந்துட்டா. அவ பூசினது எல்லாம் பாம்பு மாதிரி இருக்கு. சொன்னேன். என் மூக்குல மஞ்சள் வெச்சா.

ஏப்ரல் 5

நூலகத்துல பிள்ளைங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். பெட்டி தூக்கத்தான் வரேன்னு சொல்லிட்டு வந்த மருமக கடைசி அலமாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. 'ஹச்ச்!' வந்ததும் மொத்தக் கூட்டமும் தும்முச்சு. மறுபடி, மறுபடி.

முன்னாடி உக்காந்திருந்த பல்லு விழுந்த பொண்ணு ஒண்ணு எழுந்துச்சு. "தாத்தா, இதை யாரு வரைஞ்சா? நான் வரையற மாதிரியே இருக்கு!"

பத்திரிகைக்காரங்க சொன்ன அதே வார்த்தை. வாக்குக் கொடுத்திருக்கேனே, என்ன சொல்ல?

அலமாரிக்குப் பின்னாடி இருந்து ஒரு கை மேல வந்துச்சு. பிள்ளைங்க கேள்வி கேக்கத் தூக்குமே, அது மாதிரி.

ஏப்ரல் 6

மிச்சப் புத்தகத்தை எல்லாம் அடுக்கி வெச்சு, மருமக மொதல் பக்கத்துல பேனாவால எழுதிட்டு இருக்கா. 'படம்'னு போட்டு, பக்கத்துல அவ பேரு. மை காயறதுக்கு ஊதிவிடற வேலை எனக்கு.

"பாத்து ஊதுங்க மாமா, எச்சில் தெறிக்குது."

தும்மல் கதைம்மா. அது கூட இல்லைன்னா எப்படி?