அப்பா ஒட்டிய ரப்பர்

என் செல்லக் கழுதைக்கு,

இங்கே அப்பாவும் நானும் நலம், என் வலது முட்டியும் ஏறக்குறைய நலம். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. போனில் கேட்டால் பரவாயில்லம்மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய், அதனால்தான் இந்தத் தடவை கடிதம். கடிதத்தில் நடுவில் கட் பண்ண முடியாது பார்!

ஞாயிற்றுக்கிழமை பத்து கிலோமீட்டர் ஓடி முடித்தேன்டி! நானும் எங்கள் லாண்டரியில் இஸ்திரி போடும் பெண்களும்! வீடியோ பார்த்து ஓடக் கற்றுக்கொண்டவள் நான், என்னைப் பார்த்து ஓட வந்தவர்கள் அவர்கள். நான் வராவிட்டால் தாங்களும் வரமாட்டோம் என்று குரூப்பில் ஆளுக்கொரு மெசேஜ் போட்டுவிட்டார்கள், அந்த நேரம் பார்த்துத்தான் முட்டி மக்கர் பண்ணியது. நீ சொன்னபடி எலும்பு டாக்டரிடம் போனேன், எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் ஓடாதீங்க என்றார். மாத்திரையை வாங்கிக்கொண்டேன், மற்றதைக் காதில் வாங்கவில்லை. அப்புறம் தோலில் கப் வைத்து இழுத்து வைத்தியம் பண்ணும் ஒருவரிடம் போனேன். தொடையெல்லாம் வட்ட வட்டமாகச் சிவந்துபோனதைப் பார்த்து உன் அப்பா, என்னடி இது, காபி டம்ளர் வெச்சு எடுத்த மேசை மாதிரி இருக்கே என்று விழுந்து விழுந்து சிரித்தார். வலி போகவில்லை.

கடைசியாகத்தான் அக்குபங்சர் அக்கா. ஸ்டேஷனரி கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு கட்டில், பேசவே பேசாத ஒரு அம்மா. முட்டி வலிக்குக் கையில ஏன்க்கா குத்துறீங்க என்று கேட்டேன், வாயிலயும் ஒண்ணு குத்தணும் போலிருக்கே என்றார். அதன்பிறகு நான் ஏன் பேசுகிறேன்! ஆனால் ஊசி போட்டுக்கொண்டு எழுந்தால் கால் பஞ்சு மாதிரி இருக்கும், மறுநாள் காலை ஓடினால் அதே இடத்தில் அதே குத்தல். இரண்டு வாரம் இப்படியே போனது. ஓடிய சூட்டோடு, ஷூவைக்கூட மாற்றாமல் நேராக வா என்று அக்கா ஒருநாள் சொன்னார். நான் படியேறும்போது பின்னாலேயே வந்தவர், நில்லு, அந்த ரெண்டையும் கழட்டு என்றார். மேசைமேல் ஜோடியாக வைத்தார். வலது ஷூ குதிகாலில் ஒரு விரல் கனம் தூக்கி நிற்கிறது! நான் ஊசி போட்டு இறக்குற வலிய இந்த ஷூ தினமும் ஏத்தி விடுதும்மா, இத சரி பண்ணிட்டு வா, அதுவரைக்கும் உனக்கு ஊசி கிடையாது என்று அனுப்பிவிட்டார்.

உனக்கு இப்போது புரிந்திருக்கும். நீ முதல் சம்பளத்தில் அனுப்பிய ஷூ அது. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கும்மா என்று நீ சொல்லியும் எனக்கு மனசு வரவில்லை. தேய்ந்த வலது அடிக்கு உன் அப்பாதான் தன் பஞ்சர் கடையில் பழைய டயர் ரப்பரை வெட்டி, சூடு வைத்து, பட்டறை நேர்த்தியோடு ஒட்டிக் கொடுத்தார். எங்க ஒட்டு போட்டிருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம் என்று பஞ்சர் போட வந்தவர்களிடமெல்லாம் போட்டோவைக் காட்டினார், ஸ்டேட்டஸில் வைத்தார், நீகூட ஹார்ட் விட்டாயே! அந்த மனுஷனிடம் போய் உங்க ஒட்டுதான் என் வலி என்று எப்படிச் சொல்வது? ஓட்டத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. வழியெல்லாம் யோசித்துக்கொண்டே கடைக்குப் போனேன். சொல்லாமல் விட்டால் முட்டி போச்சு, சொன்னால் அவர் முகம் போச்சு.

காதோடு சொன்னேன். அவர் கையை நீட்டி ஷூக்களை வாங்கினார். சக்கர ரிம்மின் கோணலைப் பார்க்கும் இரும்புப் பலகைமேல் இரண்டு ஷூவையும் வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். காத்திருந்த ஆட்டோக்காரர், என்னாச்சு மாஸ்டர் என்று கேட்டார். உன் அப்பா என்ன வேண்டுமானாலும் சொல்லி மழுப்பியிருக்கலாம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு பக்க டயரு மட்டும் ஏறி நின்னா வண்டி இழுக்கும்னு ஊருக்கே சொல்றவன்யா நான், வீட்டுக்காரி காலுக்கு அதையே பண்ணி வெச்சிருக்கேன் என்றார். அங்கேயே கத்தியை எடுத்து ரப்பரைப் பிய்த்தார். முன்பு பெருமையாகப் படம் வைத்த அதே ஸ்டேட்டஸில் பிய்ந்த ரப்பரின் படத்தை வைத்து, தப்பு என்னுது என்று எழுதினார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த பெருமை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை! இதை அவரிடம் சொல்லிவிடாதே, அப்புறம் தாங்க முடியாது.

சாயங்காலமே புது ஷூ வாங்கக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு ஜோடியையும் தரையில் வைத்து ஸ்கேல் பிடித்தார், ரப்பரை முகர்ந்தார், கடைக்காரப் பெண், சார், நீங்க எந்தக் கம்பெனி என்று பயந்தே போனாள். அக்காவும் ஓட்டத்துக்கு முந்தின நாள் ஊசி போட்டார். மெதுவா ஓடு, வலிச்சா நட, வீரம் காட்டாத என்றார். பாதி வழியில் முட்டி லேசாக முணுமுணுத்தது, நடந்தேன். நீங்க போங்கடி என்றேன், ஒருத்தியும் போகவில்லை. போம்மா, உன்ன விட்டுட்டுப் போனா குரூப்ல யாருகிட்ட திட்டு வாங்குறது என்றாள் லாண்டரியில் துணி மடிக்கிறவள். நடந்தும் ஓடியும், சிரித்தும் மூச்சு வாங்கியும் எல்லாரும் ஒன்றாகத்தான் வந்தோம். கடைசியாகத்தான் வந்தோம். முடிவுக் கோட்டில் பேனரைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. அந்த முனையை எட்டிப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது யார் தெரியுமா? உன் அப்பா. என் ஆளு இன்னும் வரலைய்யா என்று கத்திக்கொண்டிருந்தார். அதற்கு அடியில்தான் நாங்கள் புகுந்து வந்தோம்.

கழுத்து வலிக்கு நீ வீடியோ பார்த்து வாங்கிய எண்ணெயைத் தேய், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாற்காலியில் நீ உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டில் யாரையாவது படம் எடுக்கச் சொல்லி எனக்கு அனுப்பு. இரும்புப் பலகை ஆள் பார்க்கவேண்டுமாம். நேரத்துக்குச் சாப்பிடு. தனியாக, யாரையும் தெரியாத ஊரில் போய் நின்று ஜெயித்தவள் என் பெண் என்று லாண்டரியில் நான் சொல்லாத நாளில்லை. நீ நூறு வருஷம் நிமிர்ந்த கழுத்தோடு நன்றாக இருக்கவேண்டும், கண்ணு. சனிக்கிழமைக்குள் படம் வரவில்லை என்றால் நானே கிளம்பி வந்துவிடுவேன்.

முத்தங்களுடன்,
பத்து கிலோமீட்டர் அம்மா