தட்டில் துடிக்கும் நான்

மார்ச் 4, செவ்வாய்

பாப்பா இன்றும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் அவள் வளர்க்கும் இதய செல்கள் ஒழுங்காகத் துடிக்கவில்லையாம். மறுபடியும் தட்டில் இருந்த செல்களையெல்லாம் குப்பையில் கொட்டிவிட்டாளாம்.

"ஒரு துடிப்பு இழுத்துக்கிட்டே போகுது, அடுத்தது தடுக்கி விழுதுப்பா."

"தண்ணி ஊத்தினியா?" என்றேன், செடியை விசாரிப்பதுபோல. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவை என் செல்கள்தான். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆள் வேண்டும் என்று போன வருஷம் என்னை இழுத்துப் போனாள். ரத்த செல்லைக் கருவில் இருக்கும் பருவத்துக்குத் திருப்பி, அங்கிருந்து இதயத் தசையாக வளர்ப்பார்களாம். பத்தாவதோடு நின்றவனுக்கு விளங்கியது இவ்வளவுதான். ஆனாலும் பெருமைதான். நான் பாஸான ஒரே பரீட்சை அல்லவா?

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு என்றும் பாராமல் செல்களுக்குத் தீனி போடப் போனாள். தினமும் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். நான்தான் வண்டியில் கொண்டுவிட்டேன்.

"பெத்த அப்பனுக்கு ஒரு டீ போட்டுத் தந்ததில்லை, அவனோட செல்லுக்கு மட்டும் விருந்தா?"

"அதுங்க உங்கள மாதிரி வாயடிக்காதுப்பா."

மார்ச் 15, சனி

எல்லார் முன்னாலும் பேராசிரியை திட்டிவிட்டாராம், சுத்தம் போதவில்லை என்று. இவளுக்கா? குழந்தையில் மண்ணைக்கூடத் துடைத்துவிட்டுத் தின்றவள்!

மார்ச் 27, வியாழன்

உறைய வைத்திருந்த என் செல்களில் வேறு குப்பியை எடுத்து, வேறு திரவம் ஊற்றி, வேறு ஆளை விட்டு வளர்த்துப் பார்த்தார்களாம். அதே தடுக்கல். பக்கத்துத் தட்டில் இன்னொருவரின் செல்கள் கடிகாரம் மாதிரி துடிக்கின்றனவாம்.

சாப்பிடும்போது கேட்டாள்: "அப்பா, நீங்க எப்பவாவது மயங்கி விழுந்திருக்கீங்களா?"

வழக்கமான கதையை எடுத்துவிட்டேன். நான் வாஷிங் மெஷின் ரிப்பேர்காரன். ஒரு வீட்டில் மெஷினுக்குப் பின்னால் தலையை விட்டிருந்தபோது, காதருகே அழைப்புமணி அலறியது. தடாலென்று விழுந்தேன். எழுந்ததும், "ஷாக் அடிச்சிருச்சும்மா" என்றேன். பிடுங்கிக் கிடந்த பிளக்கை அந்த வீட்டம்மா தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து கடையில் எனக்குப் பெயர் 'கரண்ட் இல்லாத ஷாக்'.

சின்ன வயதிலிருந்து இந்தக் கதைக்கு உருண்டு சிரிப்பவள், தட்டில் பாதியை விட்டுவிட்டு எழுந்து போனாள்.

என்ன ஆச்சு இவளுக்கு?

மார்ச் 28, வெள்ளி

சொல்லிவிட்டாள்.

"என் கையில தப்பு, திரவத்துல தப்புன்னு தேடிக்கிட்டே இருந்தேம்ப்பா. உங்க மேல சந்தேகமே வரல. நீங்கதானே நல்ல ஆளு."

பேராசிரியையிடமும் அழுதிருக்கிறாள். "ஆராய்ச்சி கிடக்கட்டும், முதல்ல அப்பாவ டாக்டர்கிட்ட காட்டு" என்றாராம் அவர்.

தட்டில் நடப்பது உடம்பிலும் நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். சரி. அப்புறம் ஏன் படி ஏறும்போது பாதியில் நின்று நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறேன்? ஒழுங்காத்தானே ஓடிக்கிட்டிருந்தே, உனக்கு என்ன வந்துச்சு?

ஏப்ரல் 2, புதன்

ஈசிஜி. டாக்டர் தாளில் அளந்ததையே மறுபடி அளந்தார். மெஷினைத் திறந்துவிட்டு வாடிக்கையாளரிடம் நான் காட்டும் அதே முகம்.

ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு என் இதயம் மறுபடி தயாராக அதிக நேரம் எடுத்துக்கொள்கிறதாம். பிறவிக் கோளாறு. அன்று விழுந்ததும் இதனால்தான் இருக்கும் என்றார். மாத்திரை சாப்பிட வேண்டும், திடீர்ச் சத்தம் ஆகாது.

"வீட்டுக்காரி சத்தம் போடக் கூடாதுன்னு அதுலயே எழுதிக் குடுத்துருங்க டாக்டர்."

சிரித்தார். எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "பிள்ளைங்க எத்தனை பேர்?"

பக்கத்தில் இருந்த பாப்பா தரையைப் பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். என் மூக்கு அவளுக்கு வந்திருக்கிறது. கோணல் கட்டைவிரல் வந்திருக்கிறது. என் மண்டை மட்டும் வரவில்லை. இதுவும் வராம இருக்கட்டும் — இதுவும் வராம இருக்கட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

தன் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். வேலையாம். இன்று கத்திவிட்டேன்.

"தட்டுக்குன்னா ஓடுறே, உனக்குன்னா போக மாட்டியா?"

"ஒரு தடவ தெரிஞ்சிட்டா, தெரியாத மாதிரி இருக்க முடியாதுப்பா."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். வீட்டுக்காரி பாப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வண்டியில் ஏற்றிவிட்டாள். ஆஸ்பத்திரி வரை பாப்பா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். ரத்தம் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 25, வெள்ளி

முடிவு வரவில்லை. போனையே பார்த்துக்கொண்டு ஒரு மெஷினுக்கு மோட்டாரைத் தலைகீழாக மாட்டிவிட்டேன்.

மே 20, செவ்வாய்

காலையில் என் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பாப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவளுக்கு அதே மாத்திரையில் பாதிதான் எழுதியிருக்கிறார்கள். நகத்தால் உடைத்தேன். ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது. சின்னதை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"இதுலயுமாப்பா செல்லம்?" என்றவள், பெரிய துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.