கண்ணாடியில் ஒட்டிய தாள்

ரியாத்

அன்புள்ள உம்மு ஹாஷிம்,

உன் மேலும் பிள்ளைகள் மேலும் இறைவனின் அமைதி நிலவட்டும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

நீ குடிவரப்போகும் வீட்டில் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடுதான் உள்ளே. நான் மெல்லும் ரொட்டி எதிர் அடுக்குமாடிக்கே தெரியும். பாலைவனத்தில் இப்படியா கட்டுவார்கள்! அக்கம்பக்கத்தாரைப் போல நானும் அலுமினியத் தாள் ஒட்டினேன். நேற்று கட்டட மேலாளர் வந்துவிட்டார்.

“வாத்தியாரய்யா, வெளியிலேர்ந்து பாக்க அசிங்கமா இருக்கு. தாளைக் கிழிச்சிடுங்க.”

“என் வீட்டுக்காரி அடுப்படியிலயும் முக்காட்டோட நிக்கணுமா?”

“கட்டடத்த வரைஞ்ச என்ஜினியரு அப்படித்தான் வரைஞ்சிருக்காரு.”

பக்கத்து வீட்டு சிரியாக்கார அம்மா கதவிடுக்கிலிருந்து மேலாளரைப் பார்த்துக் கத்தினார்: “வரைஞ்ச அந்த மனுசனோட பொண்டாட்டிய ஒரு வாரம் இங்க குடிவைக்கச் சொல்லு தம்பி!”

மேலாளர் சிரித்தார், ஆனாலும் வெள்ளிக்கிழமைவரைதான் கெடு.

வரும்போது நம் படுக்கையறையின் தடித்த திரையைக் கழற்றி எடுத்து வா. நீ கூந்தலை அவிழ்த்துப்போட்டு உட்கார ஓர் அறையாவது வேண்டும். அதற்கும் தடை சொன்னால் வேறு வீடு பார்ப்பேன். திரையைத் துவைக்காதே, நம் வீட்டு வாசனையோடு வரட்டும்.

என்னிடம் பாடம் படிக்கும் மாணவர்கள் வந்துவிட்டார்கள்.

உன்
மஹ்ரூஸ்