பால் மறந்த கன்றுகள்

சென்னை,
4-2-1937

அன்பு மாடக்கண்ணு,

உடம்புக்குக் குறைவில்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. கால்நடை நோய் ஆராய்ச்சிக்கு எடின்பரோவில் மூன்று வருஷப் படிப்பு, டாக்டர் பட்டம். கப்பல் சீட்டு, சாப்பாடு, தங்கல் எல்லாம் சர்க்கார் பொறுப்பு. மாகாணத்துக்கு ஒரே இடம். கூடப் படித்த நாம் இரண்டு பேருமே விண்ணப்பம் போடுவோம். சொந்தமாகக் கண்டறிந்த ஒன்றை எழுதிச் சேர்க்கவேண்டுமாம், மார்ச் முடிவதற்குள். லேபரட்டரியில் குப்பி கழுவுகிற எனக்கு என்ன கண்டுபிடிப்பு! உன்னிடம் இருக்குமே. விண்ணப்பத்தாள் இத்துடன். சீக்கிரம் எழுதுலே.

உன்
கிதிர் முகம்மது


மேலகரம்,
22-2-1937

அன்பு கிதிர்,

உன் கடிதத்தைத் தொழுவில் நின்றே படித்தேன். அச்சன்புதூரில் வெக்கை நோய். தினம் நாலைந்து மாடு கழிந்து கழிந்து சாகிறது. மாடு வளர்க்கிற சம்சாரி உச்சிமாகாளி நேற்று, “டாக்டரய்யா, ஊசி போட்டா பால் வத்திரும்னு சொல்லுதாவளே, நெசந்தானா?” என்று கேட்டார்.

ஒன்று கவனித்தேன். முன்பு வெக்கை வந்து பிழைத்த பசுக்களின் கன்றுகளை நோய் தொடவே இல்லை. பதினான்கு கன்றில் ஒன்றுக்குக்கூட இல்லை. அவற்றுக்கு ஊசியே வேண்டாம் போலிருக்கிறது. மருந்தும் போதவில்லை, அந்தக் கன்றுகளுக்கு ஊசி வேண்டாம் என்று உச்சிமாகாளியிடம் சொல்லிவிட்டேன்.

குறிப்பேட்டையும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தையும் அனுப்புகிறேன். நீயே டைப் அடித்துச் சேர்த்துவிடு. எனக்கு உட்கார நேரமில்லை.

தென்காசியில் உன் உம்மாவைப் பார்த்தேன். “எம்புள்ள என்னைய மறந்துட்டானாப்பா?” என்றார்கள். ஒரு வரி எழுது.

உன்
மாடக்கண்ணு


சென்னை,
29-3-1937

அன்பு மாடக்கண்ணு,

அனுப்பியாயிற்று. வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன்.

கிதிர்


மேலகரம்,
30-5-1937

அன்பு கிதிர்,

இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. காய்ச்சலா? இங்கே வெக்கை அடங்கியிருக்கிறது. எனக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே, “இன்னைக்கும் இல்ல அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை விட்டு இறங்குகிறார். உனக்காவது வந்ததா? வந்திருந்தால் சொல்லிவிடு, சந்தோஷப்படுவேன்.

உன்
மாடக்கண்ணு


சென்னை,
19-6-1937

மாடக்கண்ணு,

இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் கப்பல்.

உன் குறிப்பை டைப் அடித்துக்கொண்டே வந்தேன். பெயர் போடவேண்டிய இடத்தில் கை நின்றது. உன்னை ஊரே டாக்டரய்யா என்கிறது. என்னை இங்கே ஆறு வருஷமாக ஒருவனும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. என் பெயரை அடித்தேன். உன் விண்ணப்பம் என் பெட்டிக்குள்தான் இருக்கிறது. நேர்முகத்தில் துரை அந்தக் கன்றுகளைப் பற்றித்தான் கேட்டார். நேரில் பார்த்தவன் மாதிரியே சொன்னேன்.

மன்னிப்பாயா?

கிதிர்


மேலகரம்,
2-7-1937

கிதிர் முகம்மதுவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று குற்றாலம் போனேன். அருவியில் நல்ல தண்ணீர், கூட்டம். குளிக்கத் தோன்றாமல் கரையிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு உன்னை என்னவெல்லாமோ ஏசி எழுதி நாலு தாளைக் கிழித்தாயிற்று. இந்தக் கடிதம் வேறு விஷயம்.

வெக்கை திரும்பி வந்துவிட்டது. அந்தப் பதினான்கு கன்றுகளில் பதினொன்று செத்துப்போயின. தாய்ப்பால் குடித்தவரைக்கும்தான் அது அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. பால் மறந்ததும் நோய் பிடித்துக்கொண்டது. என் குறிப்பு தப்பு. நீ எடின்பரோவுக்குக் கொண்டுபோவது அந்தத் தப்பைத்தான். உச்சிமாகாளி என்னை ஏசவில்லை. “நீங்க வேண்டாம்னு சொன்னதாலதானய்யா விட்டேன்” என்றார். அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதை நம்பி வேறு ஊரில் ஊசி போடாமல் விட்டால் அங்கேயும் கன்றுகள் சாகும். திருத்தத்தைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். கப்பல் ஏறுமுன் தேர்வுக் குழுவிடம் கொடு. எந்தப் பெயரில் கொடுப்பாய் என்பது உன் பாடு. உன்னைப் பற்றி நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. உனக்கு இடம் கிடைத்ததற்கு உன் உம்மா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

அச்சன்புதூரில் வீடு வீடாகப் போய் என் தப்பைச் சொல்லி ஊசி போட்டு வருகிறேன். நீ சொல்லவேண்டியது ஒரே ஓர் இடத்தில்தான்.

இனி எனக்கு எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
மாடக்கண்ணு,
மாட்டாஸ்பத்திரி, தென்காசி