ஐந்தாவது நிறுத்தம்

மார்ச் 2

412-ஆம் அறையில் படுக்கை விரிப்பை மாற்றும்போது மேசையில் கிடந்த சுற்றுலாத் தாளைப் படித்தேன். எங்கள் ஊர் முழுப்பக்கம் வந்திருக்கிறது. கோட்டை, பழைய சுங்க மாளிகை, கலங்கரை விளக்கம். கடைசியில் 'காலம் உறைந்து நிற்கும் தெரு' என்று ஒன்று. படத்தைப் பார்த்தால் அக்கா வீட்டுத் தெரு! அங்கே நின்றுபோனது காலம் இல்லை, குழாய்த் தண்ணீர். அதை ஒருவனும் எழுதவில்லை.

அது கிடக்கட்டும். ஏழு மாதமாக இந்தக் கப்பலில் பதினாறு அறைகளைக் கூட்டித் துடைக்கிறேன். முதல்முறையாக எங்கள் ஊரில் நிற்கப் போகிறது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. ஒன்பது மணி நேரம்.

மார்ச் 3

அக்காவுக்குப் போன் செய்தேன். அவளிடம் விட்டுவந்த என் பாப்பா இன்றும் பேச வரவில்லை. ஆறு வயதில் என்ன வீம்பு! பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, "உங்கம்மா கப்பல்ல ஒண்ணும் இல்ல, உன்னை விட்டுட்டு ஓடிப் போயிட்டா" என்று சொல்லியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் பேசாமலா அதற்கு அந்த வார்த்தை வந்தது? இவள் நம்பிவிட்டாள். அக்கா எவ்வளவு சொன்னாலும் "கப்பலே பொய்" என்கிறாளாம்.

ஓடிப் போனது அவள் அப்பன். அவனை ஏன் என்று கேட்க ஆளில்லை. வேலைக்கு வந்த நான் ஓடிப் போனவளா?

நேரில் போய் அவள் முன்னால் நிற்க வேண்டும். வேறு வழியே இல்லை.

மார்ச் 4

மாற்றுச் சீட்டு கொடுத்தாயிற்று.

எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் பணியாளர்களில் மூன்றில் ஒரு பங்கு பேர் கப்பலை விட்டு இறங்கக்கூடாது. தீப்பிடித்தால் அணைக்க ஆள் வேண்டுமே. நிறுத்தத்துக்கு நிறுத்தம் முறை மாறும். எங்கள் ஊர் ஆறாவது நிறுத்தம். பட்டியலைப் பார்த்தால் ஆறாவதில் தங்க வேண்டியது நான்! என் நேரம்.

சலவை அறையில் சட்டை தேய்க்கும் இஸ்திரி அண்ணனிடம் கேட்டேன். உடனே சரி என்றார். ஐந்தாவதில் அவருக்குப் பதில் நான் தங்குவேன், ஆறாவதில் எனக்குப் பதில் அவர். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு விசிலிடம் கொடுத்தோம். விசில் எங்கள் மேற்பார்வையாளர். பேசும்போது மூக்கில் ஒரு சத்தம் வரும், அதனால் அந்தப் பெயர்.

மார்ச் 7

புயல். வாந்தி எடுத்த அறைகள் ஒன்பது. எழுதத் தெம்பில்லை.

மார்ச் 8

நாலாவது நிறுத்தம் ஒரு தீவு. அலை அடங்கவில்லை என்று நிற்காமல் தாண்டி வந்துவிட்டோம். பயணிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள். எனக்கென்ன, எங்கள் ஊரைத் தாண்டாமல் இருந்தால் சரி.

மார்ச் 10

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. வரட்டும்.

சாப்பாட்டு அறை வாசலில் புதிய பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். தீவு போனதால் எல்லா நிறுத்தங்களும் ஒன்று முன்னால் நகர்ந்துவிட்டன. ஆறாவதாக இருந்த எங்கள் ஊர் இப்போது ஐந்தாவது. ஐந்தாவதில் தங்குவது யார்? நான். ஏன்? நானே கெஞ்சி வாங்கிக் கையெழுத்துப் போட்டேனே, அதனால்! சீட்டே எழுதாமல் சும்மா கிடந்திருந்தால் அன்று இறங்கியிருப்பேன். ஊர்ப் பெயரை எழுதியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். இந்தக் கப்பலில் யார் ஊர்ப் பெயர் எழுதுகிறார்கள்? எல்லாரும் எண்தான் போடுவோம். காசு கொடுத்துத் தேள் கொட்ட வைத்துக்கொண்ட கதை.

விசிலிடம் ஓடினேன். அவன் தலை நிமிரவில்லை. "சீட்டுல என்ன எழுதியிருக்க? அஞ்சு. இது எத்தனாவது? அஞ்சு. பட்டியல் கேப்டன் கையெழுத்தாயிடுச்சு, இனிமே மாத்த முடியாது." எனக்கு எண்ணத் தெரியாது என்பதுபோல ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். எல்லாருக்கும்தான் குழந்தை இருக்கு என்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்.

இஸ்திரி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். விசில் முடியாது என்ற பிறகு தன்னால் என்ன ஆகும் என்றார். ஆமாம், என்ன ஆகும்? கேமராவை மாட்டிக்கொண்டு என் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம்! பார்க்கட்டும். இனி அவரோடு எனக்குப் பேச்சு இல்லை.

மார்ச் 11

அக்காவிடம் சொன்னேன். "பரவால்ல, நான் கூட்டிட்டு வர்றேன். வேலிக்கு வெளிய நின்னாவது கப்பலைப் பாக்கட்டும்" என்றாள். பக்கத்தில் பாப்பாவின் குரல் கேட்டது. "வரமாட்டான்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 12

காலை ஏழரைக்கே கலங்கரை விளக்கம் தெரிந்தது. பயணிகள் எல்லாம் மேல்தளத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். நான் வட்டக் கண்ணாடி வழியாக என் ஊரை எட்டிப் பார்க்கிறேன், ஒரு கையில் கழிப்பறைத் தூரிகை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கப்பலை விட்டு இறங்கும் வாசல் மறுபக்கம், அக்கா வந்து நிற்கும் வேலியும் அந்தப் பக்கம். இங்கிருந்து தண்ணீரும் கலங்கரை விளக்கத்துக் கற்சுவரும்தான் தெரியும்.

பத்தரைக்கு மணி அடித்தது. தங்கியிருப்பவர்களுக்கு உயிர்காப்புப் படகுப் பயிற்சி. ஆரஞ்சு அங்கியும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு எட்டாம் எண் படகில் பதினான்கு பேர் ஏறினோம். படகைத் தண்ணீரில் இறக்கித் துறைமுகத்துக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு ஏற்றிவிடுவார்கள். எப்போதும் நடப்பதுதான். நான் விசிலை மனசுக்குள் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

எப்போதும் நடுவிலேயே திரும்பிவிடும் படகு இன்று திரும்பவில்லை. நேரே கலங்கரை விளக்கத்துச் சுவரை நோக்கிப் போனது. சுவர்மேல் மூன்று பேர் நின்றார்கள். அக்காவின் பச்சைப் புடவை. மஞ்சள் கவுன். பக்கத்தில் — இஸ்திரி அண்ணன்!

படகோட்டி வேகத்தைக் குறைத்தார். "எல்லாரும் கையைக் காட்டுங்கப்பா" என்றார். பதின்மூன்று பேரும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்கள். நான்? எனக்கும் இரண்டு கை இருந்தது. தூக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட இருக்காது, படகு திரும்பிவிட்டது.

ஏழு மாதம் காத்திருந்து கிடைத்த ஒரு நிமிடம். அதையும் நான்தான் கெடுத்தேன், விசில் இல்லை. பதினான்கு பேருக்கும் ஒரே அங்கி, ஒரே கவசம். அதில் எது அம்மா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ பொம்மைகள் போனதாக நினைத்திருப்பாள். நீ ஒரு மனுஷியாடி?

மாலை 412-ஆம் அறை மேடம் திரும்பி வந்தார். காலில் எங்கள் ஊர்ப் புழுதி. "அருமையான ஊரும்மா. உனக்கு வாய்ப்பு கிடைச்சா கண்டிப்பா ஒரு தடவை போய்ப் பாரு" என்றார். பார்க்கிறேன் மேடம் என்று சொல்லிவிட்டுத் துண்டை மடித்து வைத்தேன்.

மார்ச் 13

இஸ்திரி அண்ணனிடம் நானே போய்ப் பேசினேன். வேறென்ன செய்வது, போட்ட சபதம் மூன்று நாள்தான் தாங்கியது.

பட்டியல் வந்த அன்றே படகோட்டியிடம் சொல்லி வைத்துவிட்டாராம். எந்தப் படகு, எந்த இடம் எல்லாம் பேசி முடித்திருக்கிறார்கள். எந்த ஊரானாலும் வீட்டார் வேலியோரம் வந்து நிற்பார்கள் என்று தெரியுமாம், அங்கே தேடிப் பிடித்துச் சுவருக்குக் கூட்டிப் போயிருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று பாய்ந்தேன். "உன் வாய்ல எது நிக்கும்? விசிலுக்குத் தெரிஞ்சா படகை எடுக்கவே விடமாட்டான்" என்றார். அக்காவை எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். வேலியோரம் நின்ற அத்தனை குழந்தைகளில் ஒன்று மட்டும் கப்பலை முறைத்துக்கொண்டு நின்றதாம். "உன் மூஞ்சி அப்படியே இருந்துச்சு."

கோட்டையைப் பார்த்தீர்களா என்றேன். அதற்கு எங்கே நேரம் என்றார். கேமராவில் ஒரு படம்கூட இல்லை.

மார்ச் 16

ஆறாவது நிறுத்தம். இறங்கினேன். ஊர் எப்படி என்று கேட்டால் தெரியாது, டெலிபோன் கடையைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை.

அக்கா எடுப்பாள் என்று நினைத்தேன். எடுத்தது பாப்பா. எடுத்ததும் சண்டை. "எல்லாரும் கை காட்டினாங்க. நீ மட்டும் ஏன் காட்டல?"

அதில் நான் எது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கை காட்டாம அழுதுட்டு இருந்தது நீதானே."

அழவில்லை, முகத்தில் உப்புத் தண்ணீர் தெறித்தது என்று சொன்னேன். "பொய்" என்றாள். பிறகு, கப்பலில் எத்தனை மாடி என்று கேட்டாள்.