கால் யாருதோ அவங்களைக் கேளுங்க

அக்கா,

நேற்று வேலூர் பஸ் சித்தூருக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது அந்த வாடை. பெங்களூரா மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கி, மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் வெயிலில் கனிந்து, பாதி இனிப்பும் பாதி புளிப்புமாக ரோடெல்லாம் பரவுமே, அதுதான். பக்கத்துச் சீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ நீயே வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சீசன் முடிந்து ரெண்டு மாசம் ஆனாலும் உன் புடவையை விட்டுப் போகாத வாடை அல்லவா அது.

முதன்முதலில் வார்டுக்கு வந்த அன்றும் நீ அந்த வாடையோடுதான் வந்தாய். சொந்த ஊர் நாகலாபுரம். சீசனுக்குச் சித்தூர் வந்து தம்பி வீட்டில் தங்கி, பெல்ட்டில் ஓடுகிற பழத்தைப் பொறுக்குகிற வேலை. நாள் முழுக்க ஈரத் தரையில் நிற்கணும். சர்க்கரை வியாதிக் கால், செருப்புக் கடித்ததே உனக்குத் தெரியவில்லை. திருப்பதியில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்குத் தம்பி உன்னைக் கூட்டி வந்தபோது வலது காலில் ரெண்டு விரல் கறுத்துப்போயிருந்தது.

எங்கள் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. கட்டிலில் கிடக்கிறவரோடு நாங்கள் பேசமாட்டோம். "மீ வாள்ளு எவரு?" என்போம், உங்க ஆளுங்க யாரு என்று. ஆள் வந்து நின்றால் எல்லாப் பேச்சும் அவரோடுதான். டாக்டர் தெலுங்கில் உன் தம்பியிடம் சொன்னார், விரல் ரெண்டையும் எடுத்துவிடணும் என்று. தம்பி கையைப் பிசைந்தான்.

"பையன் குவைத்துல கீறான் சார். வெள்ளிக்கிழமதான் அவனுக்கு லீவு, அன்னிக்குத்தான் போன் பண்ணுவான். அவனைக் கேக்காம எப்படி?"

அந்தக் காலத்தில் நம் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை குவைத்திலோ பெங்களூரிலோ இருந்தான். வீட்டு முடிவெல்லாம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்விட்டது. கல்யாணமா, போர்வெல் போடுவதா, ஆபரேஷனா, எதுவானாலும் வெள்ளிக்கிழமை வரட்டும் என்பார்கள். அன்றைக்குச் செவ்வாய். நானும் 'மகனின் சம்மதம் வரவேண்டும்' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டேன். அன்று உன் முகத்தைப் பார்த்தேனா என்றே எனக்கு ஞாபகம் இல்லை அக்கா.

வியாழக்கிழமை ரவுண்ட்ஸில் கட்டைப் பிரித்தபோது கறுப்பு விரலைத் தாண்டி ஏற ஆரம்பித்திருந்தது. டாக்டர் தம்பியிடம் சத்தம் போட்டார், தம்பி என்னிடம் கெஞ்சினான், நான் டாக்டரிடம் "ஒரு நாள்தானே சார்" என்றேன். மூன்று பேரும் உன் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தோம். நீ போர்வையை உதறித் தள்ளினாய்.

"இந்தக் காலு குவைத்துல இருந்து வரல. எங்க நைனா குடுத்தது. என்னைக் கேளுங்கடா!"

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரையும் சேர்த்தல்லவா 'டா' போட்டுவிட்டாய்! "சும்மா கெட, டாக்டர் பேசறாருல்ல" என்று அதட்டினேன். நீ என் பக்கம் திரும்பினாய்.

"நீயும் தமிழ் பேசறவதானே சிஸ்டரு? மூணு நாளா வந்துக்கினு போய்க்கினு கீறே. எனக்கு இன்னா ஆவுதுன்னு நீகூட ஒரு வார்த்த சொல்லலியே?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாய். நீ சொன்னதை அப்படியே தெலுங்கில் டாக்டருக்குச் சொன்னேன், அந்த 'டா'வை மட்டும் விழுங்கிவிட்டு. நல்ல மனுஷர் அவர். ஸ்டூலை இழுத்துப்போட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எந்த விரலு, எடுத்தால் நின்று வேலை செய்ய முடியுமா, வெள்ளிக்கிழமை வரைக்கும் விட்டால் என்ன ஆகும் என்று நீ ஒவ்வொன்றாகக் கேட்டாய். அவர் மறைக்காமல் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். ரெண்டு விரலோடு நின்றால் ஃபேக்டரிக்குத் திரும்பலாம். விட்டால் நாளைக்கே கணுக்கால் வரை எடுக்கவேண்டி வரலாம். நீ காலையே பார்த்துக்கொண்டிருந்தாய். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டு, "இன்னிக்கே எடு. பையனுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றாய். கையெழுத்துப் போடத் தம்பி பேனாவுக்குக் கை நீட்டினான். அந்தக் கையைத் தட்டிவிட்டு, எழுத்துக் கூட்டி உன் பேரை நீயே எழுதினாய்.

மறுநாள் உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. தம்பிக்குப் பூத்துக்குப் போகவே பயம். அதனால் ஆஸ்பத்திரி வாசல் பூத்தில் அவன் போனை எடுத்தது நான். விஷயத்தைச் சொன்னதும் உன் பிள்ளை அந்தப் பக்கம் குதியோ குதி என்று குதித்தான். "யாரைக் கேட்டு எங்கம்மா வெரலை எடுத்தீங்க?"

"கால் யாருதோ அவங்களைக் கேட்டுத்தான்" என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்ததோ! பிறகு இறங்கிய குரலில், "அம்மா துன்னுச்சா சிஸ்டர்?" என்று கேட்டான் பாவம். இட்லி துன்னாங்க என்று சொன்னேன்.

அடுத்த சீசனுக்கு முன்பக்கம் பஞ்சு வைத்த ஷூவோடு பெல்ட்டுக்குத் திரும்பிவிட்டாய். மாசம் ஒருதரம் சர்க்கரை பார்க்க வருவாய். வரிசையில் நிற்கிற பொம்பளைகள் தலையை ஆட்டிக்கொண்டு மாத்திரையை வாங்கிப் போனால் உனக்குப் பொறுக்காது. "ஏண்டி, வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கீறே? எதுக்கு மாத்திரைன்னு கேளு!" உன்னால் ஓ.பி. முடிய எங்களுக்கு மூன்று மணி ஆகும். எத்தனை நாள் உன்னைத் திட்டியிருக்கிறேன்! திட்டி முடித்து உன்னோடேயே உட்கார்ந்து சாப்பிடுவேன்.

வருஷங்கள் கழித்து உன் கிட்னி கைவிட்டது. அப்போது பிள்ளை குவைத்தை விட்டு வந்து டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தான். நமக்குப் பழகிய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புது டாக்டர், சென்னைக்குக் கொண்டுபோய் ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் போட்டுப் பார்க்கலாம், கொஞ்ச நாள் தள்ளும் என்றார். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க சொல்லுங்க சிஸ்டர். நீங்க சொன்னா அது கேக்கும்."

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. கூட்டிப் போப்பா, இன்னிக்கே கூட்டிப் போ என்று. நீ இல்லாத ஓ.பி.யை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீ எனக்கு வேண்டும் அக்கா. அதுதான் உண்மை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "அவங்களைக் கேளுப்பா" என்றேன்.

மெஷினில் என்ன செய்வார்கள், எத்தனை நாளைக்கு ஒருதரம் என்றெல்லாம் அப்போதும் விடாமல் கேட்டாய். அவன் எல்லாம் சொன்னான். "வூட்டுக்குப் போலாம்டா" என்றாய். பிறகு என்னைப் பார்த்து, "கோவமா சிஸ்டரு?" என்று கேட்டாய்.

"ஆமா" என்றேன். நீ சிரித்தாய்.

நாகலாபுரத்தில் ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் கூடவே இருந்தாய். வேண்டியதைத் துன்னு, வந்தவர்களை வம்புக்கிழுத்து, உன் வாசலில் உன் கட்டிலில் போனாய். எனக்கு இன்றைக்கும் அதில் குறை இல்லை.

நான் ரிட்டையராகிச் சித்தூருக்கே வந்துவிட்டேன். தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் ஆஸ்பத்திரித் துணைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். நர்ஸாக இருந்தவள் என்று தெரிந்ததும் டாக்டர் என்னைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன?" என்று ஆரம்பிப்பார். எனக்கு எல்லாம் தெரியும், வாயும் துறுதுறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்புறம் அவர் கட்டிலில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்துத்தானே ஆகணும்.